வளையத்துக்கு முழங்கால் தெரியாது

2021ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி கோவிட் தொற்றால் மலேசியா மீண்டும் முழுமையாக அடைக்கப்பட்டபோது, பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பதினான்காவது மாடியில் நான் தனியாக இருந்தேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்ட பிறகு அவர் ஒரே ஒரு முறைதான் வந்து போக முடிந்தது. எனக்கு அப்போது வயது 46, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கியதிலிருந்து காலை முதல் மதியம் வரை கணினியின் முன், மதியம் முதல் இரவு வரை மாணவர்கள் கைப்பேசியில் அனுப்பும் பயிற்சித் தாள்களின் முன் என்று உட்கார்ந்தே ஓராண்டுக்கு மேல் கழிந்திருந்தது. எடை எட்டு கிலோ கூடியிருந்தது. மே மாதம் அரசாங்க கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு 8.1 விழுக்காடு என்று வந்தது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த மெட்ஃபோர்மினோடு கிளிக்ளாசைட் என்னும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் அம்மாவுக்கு இனிப்புநீரால் (நீரிழிவால்) ஒரு காலை எடுக்க வேண்டியிருந்தது. அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் நான். ஆகவே அந்த எண்ணைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவும் அதுதான். ஆனால் அந்த நாள்களில் மின்தூக்கியில் ஏறவே எனக்குப் பயம். கூலிமில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் தொலைபேசியில், "அத்தை, வீட்டுக்குள்ளேயே தொலைக்காட்சி முன்னால் ஓடலாம், ரிங் ஃபிட் என்று ஒன்று இருக்கிறது" என்று சொன்னான். நிண்டெண்டோ சுவிட்ச் என்னும் ஆட்டக் கருவிக்காக 2019 அக்டோபரில் வெளிவந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சரைத்தான் அவன் குறிப்பிட்டான். ஜாய்-கான் என்னும் கைக்கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒன்றை வளையத்தில் பொருத்திக் கையில் பிடிக்க வேண்டும். மற்றொன்றை இடது தொடையில் பட்டையால் கட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஓடினால் திரையில் உள்ள உருவம் ஓடும். வளையத்தை அழுத்தினாலும் இழுத்தாலும் எதிரில் உள்ளவற்றை வெல்லலாம். பூதங்களோடு சண்டையிடும் இடங்களில், குந்தி எழுதல், தோள் பயிற்சி, வயிற்றுப் பயிற்சி என்று நாம் செய்யும் பயிற்சிகளே ஆயுதமாகின்றன. கேட்டவுடன் எனக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் எதையும் விசாரிக்காமல் அவசரப்பட்டேன்.

இணையச் சந்தையில் ஒரு விற்பனையாளர் 790 வெள்ளிக்கு (ரிங்கிட்) சுவிட்ச் லைட் ஒன்றை வைத்திருந்தார். மற்றவை ஆயிரத்துக்கு மேல் இருந்ததால், "லைட்" என்றால் விலை குறைந்த வகை என்று மட்டும் புரிந்துகொண்டு வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கவே முடியாது, அதன் கைக்கட்டுப்பாடுகள் உடலோடு ஒட்டியவை, கழற்றி வளையத்தில் பொருத்த இயலாது என்பது. ரிங் ஃபிட் விளையாட வேண்டுமென்றால் தனியாக இரண்டு ஜாய்-கான்கள் வாங்கி, உள்ளங்கை அளவுத் திரையை மேசையில் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். என் கண்ணுக்கு அது ஆகாது. விற்பனையாளர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். விளம்பரத்தில் லைட் என்று தெளிவாகப் போட்டிருந்ததால் அவரோடு வாதாடவும் என்னிடம் நியாயம் இருக்கவில்லை. அதை 520 வெள்ளிக்கு வேறொருவருக்கு விற்றேன். 270 வெள்ளி போயிற்று, பத்து நாளும் போயிற்று.

பிறகு பயன்படுத்திய சாதாரண சுவிட்ச் ஒன்றை 1,080 வெள்ளிக்கும், பயன்படுத்திய வளையத் தொகுப்பை 430 வெள்ளிக்கும் வாங்கினேன். வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பயன்படுத்திய தொகுப்பு என்றால் ஆட்டத்தை ஓடவிட்டு, வளையத்தை அழுத்தும்போதும் இழுத்து விரிக்கும்போதும் திரை இரண்டையும் ஒரே சீராகக் காட்டுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தொடைப் பட்டையின் ஒட்டும் பகுதி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்தது தேய்ந்து போனது; வழவழப்பான கால்சட்டையின் மேல் கட்டினால் மூன்றாவது நிமிடத்தில் முழங்காலுக்கு இறங்கிவிடும், கருவி நம் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காது. பருத்திக் கால்சட்டையின் மேல் கட்டிய பிறகே அது நின்றது. இப்போது வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 கருவியிலும் இந்த ஆட்டம் ஓடும். ஆனால் அதன் புதிய கைக்கட்டுப்பாடுகள் இந்த வளையத்தில் பொருந்தமாட்டா, பழைய ஜாய்-கான் இணை ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

ஜூன் 21ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. வியர்வை கண்ணில் இறங்க, நாற்பத்தாறு வயதில் நான் காட்டையும் ஆற்றையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். பல மாதங்களாக ஒரு மனிதரும் நுழையாத அந்தக் கூடத்தில் ஒரு குரல் என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தது. தனிமையில் இருப்பவர்களுக்கு அந்தப் பாராட்டு எவ்வளவு தேவையாக இருக்கும் என்பதை நான் உணர்ந்து சொல்கிறேன். பின்னால் நடந்தவற்றுக்கும் அதுவே பாதிக் காரணம்.

நான்காம் நாள் கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) முகக்கவசத்தோடு படியேறி வந்து, கம்பிக் கதவுக்கு வெளியே தள்ளி நின்றார். "சிகு (டீச்சர்), கோபமாகச் சொல்லவில்லை. விடியற்காலையில் தலைக்கு மேலே சுத்தியல் அடிப்பது போலக் கேட்கிறது. பேரன் பயந்து எழுந்துவிடுகிறான்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். எனக்கு உடல் கூசிப்போயிற்று. வெறும் பளிங்குத் தரையில், வெறுங்காலுடன், அறுபத்தொன்பது கிலோ எடையோடு நின்ற இடத்தில் ஓடினால் கீழே எப்படிக் கேட்கும் என்று நான் ஒரு கணம்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அன்றே ஆட்டத்தின் அமைப்புகளைத் தேடினேன். அமைதி முறை என்று ஒன்று அதில் இருக்கிறது. ஓடுவதற்குப் பதிலாக, பாதம் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சற்றே மடக்கி மடக்கி எழுந்தால் போதும், திரையில் உருவம் ஓடும். அதற்கு மாறினேன். கீழ்வீட்டில் சத்தம் நின்றது. மக்சிக் ஒரு தட்டில் குவே என்னும் மலாய்ப் பலகாரம் அனுப்பினார்; இனிப்பு என்பதால் நான் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் யாராவது என்னை நிறுத்தியிருக்க வேண்டும். ஓட்டம் முழுவதையும் முழங்கால் மடக்கலாக மாற்றும்போது, ஒரு பத்து நிமிட ஆட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான அரைக் குந்தல்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுக்கு மேல் சண்டைக் கட்டங்களில் முழுக் குந்தல்கள் வேறு. ஓராண்டாக நாற்காலியை விட்டு எழாத தொடைக்கும், கூடியிருந்த எடைக்கும், அது எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் கணக்கிடவில்லை. அடுக்குமாடியில் வாழ்பவர்கள் பெரும்பாலோர் இந்த அமைதி முறையைத்தான் நாடுவார்கள். நாடுங்கள், ஆனால் முதல் மூன்று வாரமாவது நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அல்லது சத்தத்தைத் தரையில் தடுத்துவிட்டு மெதுவாக நடப்பது போலக் காலைத் தூக்கி வையுங்கள். நான் முதலில் 45 வெள்ளிக்கு வாங்கிய மெல்லிய யோகா பாய் பளிங்கில் வழுக்கியதே தவிர எதையும் தடுக்கவில்லை. ஒன்றோடொன்று கோத்துப் போடும் தடித்த நுரைப் பலகைகளை 120 வெள்ளிக்கு வாங்கி, அவற்றின் மேல் காலணியோடு நின்றபோதுதான் உண்மையான மாற்றம் தெரிந்தது. அதைப் பல மாதம் கழித்தே வாங்கினேன்.

இரண்டாவது தவறு நேரக் கணக்கில் நேர்ந்தது. அன்றைய ஆட்டம் முடிந்ததும் திரையில் "11 நிமிடம்" என்பது போல ஒரு கணக்கு வரும். முக்கால் மணி நேரம் வியர்த்துவிட்டு வெறும் பதினொரு நிமிடமா என்று எனக்கு மனம் சோர்ந்துவிடும். உடல் உண்மையாக அசைந்த நேரத்தை மட்டுமே அது கூட்டுகிறது, கதை பேசும் நேரமும் மூச்சு வாங்கும் நேரமும் அதில் சேராது என்பதை நான் அறியவில்லை. மருத்துவர் சொன்ன 150 நிமிடத்தை அந்தக் கணக்கிலேயே எட்ட வேண்டும் என்று காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என ஆடத் தொடங்கினேன். போதும், இன்றைக்கு முடித்துக்கொள்ளலாமா என்று ஆட்டமே கேட்கும். ஒவ்வொரு முறையும் தொடர்வேன் என்றே அழுத்தினேன். முப்பது வரை போகும் கடினநிலையில் பன்னிரண்டில் தொடங்கிய நான், மூன்று வாரத்துக்குள் இருபதுக்கு வந்திருந்தேன். முழங்கால், இடுப்பு, தோள் என்று நோகும் இடத்துக்கேற்பப் பயிற்சியை எளிதாக்கும் உதவி அமைப்பும் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, முடியாதவர்களுக்கானது என்று எண்ணிவிட்டேன்.

ஜூலை இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலையில் நடந்ததை இனிப்புநீர் உள்ளவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் நாள் இரவு எடையைக் குறைக்கும் ஆசையில் ஒரு கோப்பை சூப் மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது, குளிர்ந்த வியர்வை வந்தது, திரையில் எழுத்துகள் கலங்கின. சுவரைப் பிடித்து நடந்து, அம்மாவின் பழைய இரத்தச் சர்க்கரைமானியை எடுத்துப் பார்த்தேன், 3.4 மில்லிமோல். மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு நான்குக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். அம்மாவுக்குச் செய்து பழகியதால், மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்து, மீண்டும் பார்த்தேன். ஐந்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில், நான் இங்கே விழுந்து கிடந்தால் எத்தனை நாள் கழித்து யார் கதவைத் தட்டுவார்கள் என்ற ஒரே எண்ணம்தான் ஓடியது. கிளினிக்கின் மருந்தாளர் பிறகு விளக்கினார்: மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது, கிளிக்ளாசைட் போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை, அவற்றோடு பட்டினியும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வீட்டுப் பயிற்சி தொடங்கும் முன், "நான் எடுக்கும் மருந்தில் சர்க்கரை சட்டென்று இறங்குமா, எந்த நேரத்தில் பயிற்சி செய்யலாம்" என்ற இரண்டு கேள்விகளை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள். அன்று முதல் நான் பசியாறி ஒரு மணி நேரம் கழித்தே ஆடுகிறேன். பக்கத்தில் சீனித் தண்ணீரும் கைப்பேசியும் இருக்கும்.

முழங்கால் விவகாரம் ஜூலை 28ஆம் தேதி வெளிப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உட்கார்ந்து எழும்போது முழங்கால் சில்லுக்கு அடியில் ஏதோ உரசுவது போல இருந்தது. பயிற்சி வலிதான், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். அன்று மின்தூக்கி இரண்டும் பழுது. மருந்து வாங்கப் பதினான்கு மாடி இறங்கினேன். ஒன்பதாவது மாடியில் வலது முழங்காலின் முன்பக்கம் கத்தி வைத்தது போல ஒரு வலி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினேன், கீழே வந்து அழுதேன். ஏற முடியாமல், மின்தூக்கியைச் சரிசெய்யும்வரை காவலாளியின் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தனியார் மருத்துவமனையில் மருத்துவருக்கும் எக்ஸ்-ரேக்கும் சேர்த்து 265 வெள்ளி ஆயிற்று. எலும்பில் சேதமில்லை, சில்லும் தொடை எலும்பும் சேருமிடத்தில் தாங்க முடியாத சுமை விழுந்ததால் வந்த வலி என்றார்கள். உடலியக்க சிகிச்சைக்கு அனுப்பினார்கள், எட்டு முறை, முறைக்கு 110 வெள்ளி.

அந்தச் சிகிச்சையாளர் என் மாணவிகளின் வயதுடைய இளம்பெண். முதல் நாளே, "டீச்சர், நீங்கள் ஆட்டத்தில் குந்தி எழுந்ததைப் போலவே இங்கே ஐந்து முறை செய்யுங்கள், வலிக்கும்போது நிறுத்திவிடலாம்" என்று சொல்லி, என் கைப்பேசியாலேயே பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் படமெடுத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. குதிகால் இரண்டும் தரையை விட்டு எழுந்திருந்தன. முழங்கால்கள் உள்நோக்கி ஒன்றையொன்று முட்டப் போயின. இடுப்பு பின்னால் போகாமல், உடல் எடை முழுவதும் முழங்காலுக்கு முன்னே சாய்ந்திருந்தது. இதே குந்தலுக்குத்தான் ஐந்து வாரமாக ஒவ்வொரு முறையும் எனக்குப் பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்தது. அவரும் அந்த ஆட்டத்தை அறிந்திருந்தார். "அந்தக் கருவிக்கு உங்கள் உடம்பில் இரண்டே இடங்கள்தான் தெரியும். வளையம் எப்படிச் சாய்கிறது, எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது ஒன்று. தொடை எந்தக் கோணத்துக்கு இறங்குகிறது என்பது மற்றொன்று. முழங்கால் எந்தப் பக்கம் போகிறது, குதிகால் எங்கே இருக்கிறது என்று பார்க்க அதற்குக் கண் இல்லை" என்றார்.

இந்த ஓர் உண்மையை வாங்குவதற்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. அசைவை உணரும் ஆட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி உணர்வதில்லை. 2007இல் ஜப்பானில் வந்த வீ ஃபிட், நாம் ஏறி நிற்கும் பலகையில் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அறியும். 2010இல் வந்த கினெக்ட், ஒளிப்படக் கருவியால் உடல் முழுவதையும் மூட்டு மூட்டாகப் பின்தொடரும். அதன் தயாரிப்பு 2017இல் நிறுத்தப்பட்டுவிட்டது. கையில் பிடித்தும் காலில் கட்டியும் ஆடும் வகையில், கட்டிய இடம் மட்டுமே கணக்கில் வரும். இதில் கருவியின் குறை என்று எதுவுமில்லை. திரையில் பயிற்சி உருவம் சரியான நிலையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. என் உடல் அப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை என்னுடையதாக இருந்தது. ஆகவே எந்த ஆட்டத்தை வாங்கினாலும், அது உடலின் எந்தெந்த இடத்தை அறிகிறது என்று முதலில் கேளுங்கள். அறியாத இடத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடியை வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, களைத்த நிலையில், கடைசிச் சுற்றைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். முதல் சுற்றில் எல்லாருக்கும் நிலை சரியாகத்தான் இருக்கும்.

சிகிச்சை முடிந்து நான் மீண்டும் வளையத்தை எடுத்தது நவம்பர் நடுவில். பதினாறு வாரம். விற்று நட்டமான கருவி, வீணான பாய், மருத்துவர், சிகிச்சை என்று தேவையின்றிப் போனது மொத்தம் 1,460 வெள்ளி. பணத்தைவிட, அந்தப் பதினாறு வாரத்தில் இறங்கத் தொடங்கியிருந்த சர்க்கரை மீண்டும் ஏறியதுதான் என்னை வாட்டியது. அந்த இளம்பெண் கற்றுத்தந்தபடி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் போல இடுப்பை முதலில் பின்னுக்குக் கொண்டுபோய், முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே செல்லும்படி, பின்னால் உண்மையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு குந்தினேன். ஒருக்களித்துப் படுத்து முழங்காலைத் திறந்து மூடும் இடுப்புப் பயிற்சியை நாள்தோறும் செய்தேன். முழங்காலை உள்ளே சாய விடாமல் பிடிப்பது இடுப்புத் தசைதான் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கடினநிலை எட்டு, முழங்கால் உதவி அமைப்போடு, திரைக் கணக்கில் ஏழு நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பயிற்சி முடிந்த மறுநாள் காலை படியில் இறங்கிப் பார்த்து வலி இல்லையென்றால் மட்டுமே ஒரு நிமிடம் கூட்டுவேன்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள், திரைக் கணக்கில் பதினைந்து நிமிடம் ஆடுகிறேன். சனி, ஞாயிறுகளில் தாவரவியல் பூங்காவில் நடக்கிறேன். கடைசிப் பரிசோதனையில் சராசரி 6.7, எடை ஆறு கிலோ குறைந்து அதற்கு மேல் அசையவில்லை, மருத்துவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் 2023 தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் ஏறினேன். ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், கைப்பிடியை விடவில்லை.

2022 ஏப்ரல் முதல் தேதி தரைவழி எல்லை திறந்த பிறகு கணவர் மாதம் ஒரு முறை வருகிறார். போன முறை வந்தபோது, தானும் ஆடிப் பார்க்கிறேன் என்று வளையத்தைக் கேட்டார். கொடுத்தேன். கடினநிலையை எட்டில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு, கைப்பேசியோடு பக்கத்தில் போய் நின்றேன். ஆறாவது குந்தலில் அவருடைய இடது குதிகால் மெல்ல எழுந்தது. திரை அவரைப் பாராட்டியது. "நிறுத்துங்கள், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று படத்தைக் காட்டினேன்.